ஒரே பென்டிரைவ், மூன்று சிஸ்டம்: எந்த ஃபார்மட் போடலாம்?

கோத்தகிரியில் என் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட், பஜாரில் பிரின்ட் எடுக்கும் கடையில் இன்னும் விண்டோஸ் 7, குன்னூரில் சித்தி பையனிடம் மேக். மூன்றுக்கும் நடுவில் அலைவது ஒரே ஒரு 64 ஜிபி பென்டிரைவ். யாருடைய சிஸ்டமாவது படுத்துவிட்டால் பூட் செய்து ஃபைலை மீட்க, அதே பென்டிரைவில்தான் வென்டாய் (ஐஎஸ்ஓவை அப்படியே பூட் செய்யவைக்கும் மென்பொருள்) போட்டு நாலைந்து ஐஎஸ்ஓக்களும் (ஒரு முழு சிஸ்டத்தையே அடக்கிய ஒற்றை ஃபைல்கள்) வைத்திருக்கிறேன்.

ஃபார்மட் என்றால் பென்டிரைவில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை. முதலில் ஃபேட்32. பழைய டிவி, கார் ஸ்டீரியோ எல்லாம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட்டால் அவ்வளவுதான். கோடநாடு வியூ பாயின்ட்டில் மேகம் இறங்குவதை ஒரே ஷாட்டாக எடுத்த வீடியோவை ஏற்றப் பார்த்தேன், 30 ஜிபி காலியாக இருக்கும்போதே ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று சொல்லிவிட்டது. இப்போதைய விண்டோஸ் ஐஎஸ்ஓவே 4 ஜிபியைத் தாண்டும் என்பதால் இதைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. ஈஎக்ஸ்டி4 லினக்ஸுக்கு அருமை, ஆனால் விண்டோஸில் சொருகினால் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். கடைக்காரர் பழக்கதோஷத்தில் ஓகே அமுக்கிவிட்டால் என்ன செய்வது?

நிஜமான போட்டி என்டிஎஃப்எஸ்ஸுக்கும் எக்ஸ்ஃபேட்டுக்கும்தான். என்டிஎஃப்எஸ்ஸில் ஜர்னல் உண்டு, அதாவது என்ன மாற்றப்போகிறோம் என்று முதலில் குறித்துவைத்துக்கொள்ளும், நடுவில் கரன்ட் போனாலும் ஃபோல்டர் அமைப்பு பெரும்பாலும் தப்பிக்கும். ஆடிக்காற்றில் மரம் சாய்ந்து கரன்ட் போவது எங்கள் ஊரில் சகஜம், அதனால் இது சின்ன விஷயமில்லை. லினக்ஸும் 2021-இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி) நேரடியாகவே இதில் எழுதும். சிக்கல் மேக்கில். படிக்கும், எழுதாது. அப்புறம், விண்டோஸில் எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கிக்கொண்டு வந்தால் லினக்ஸ் சிலசமயம் மவுன்ட் செய்யவே, அதாவது திறக்கவே, மறுக்கும், திரும்பக் கடைக்கு ஏறிப்போய் அங்கே சரிபார்த்து வர வேண்டும்.

எக்ஸ்ஃபேட்டை மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது, 2019-இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டது, அதே வருடம் 5.4 கெர்னலோடு லினக்ஸுக்குள்ளும் வந்துவிட்டது. மூன்று சிஸ்டத்திலும் படிக்கலாம், எழுதலாம், 4 ஜிபி தொல்லை இல்லை. ஆனால் ஜர்னல் கிடையாது. போன மழைக்காலத்தில் யுபிஎஸ் இல்லாத ஒரு டெஸ்க்டாப்பில் கல்யாண போட்டோக்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது கரன்ட் போனது. திரும்ப வந்தபோது ஃபோல்டர் இருந்தது, உள்ளே பாதி போட்டோ திறக்கவில்லை. தப்பு என்னுடையதுதான், லேப்டாப்பில் ஏற்றியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்தும் நான் எக்ஸ்ஃபேட்டில்தான் இருக்கிறேன்.

வென்டாயோடு சேர்க்கும்போது இன்னொரு வில்லங்கம் உண்டு. ஐஎஸ்ஓ இருக்கும் முதல் பார்ட்டிஷனை (பென்டிரைவில் பிரித்த பகுதியை) வென்டாய் தானாகவே எக்ஸ்ஃபேட்டாகத்தான் போடும், உங்கள் ஃபைலையும் அதிலேயே வைக்கலாம். ஆனால் அந்த பென்டிரைவிலிருந்தே லினக்ஸை பூட் செய்தால், அதே பார்ட்டிஷனைத் திறக்கப் போகும்போது பல டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) பிஸி என்று மறுத்துவிடும். பூட் செய்ததே ஃபைலை மீட்கத்தான், மீட்டதை வைக்க இடம் இல்லை! அதற்காக வென்டாய் இன்ஸ்டால் செய்யும்போதே கடைசியில் 24 ஜிபி ஒதுக்கச் சொல்லி, அதில் தனியாக ஒரு எக்ஸ்ஃபேட் பார்ட்டிஷன் போட்டுக்கொண்டேன். மீட்கும் ஃபைல்கள் அங்கே போகும்.

இதிலும் ஒரு பிடி இருக்கிறது. விண்டோஸ் 10-இன் 1703 பதிப்புக்கு முந்தையவை பென்டிரைவில் முதல் பார்ட்டிஷனை மட்டும்தான் காட்டும். கடையில் என் 24 ஜிபி கண்ணுக்கே தெரியாது. அதனால் பிரின்ட் எடுக்க வேண்டிய பிடிஎஃப்களை மட்டும் ஐஎஸ்ஓக்களுக்குப் பக்கத்தில் ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். சித்தி பையன் மேக்கை விற்றுவிட்டால் அன்றைக்கே அந்த 24 ஜிபியை என்டிஎஃப்எஸ்ஸாக்கிவிடுவேன். அவன் விற்கிற மாதிரி தெரியவில்லை.