கருப்பனின் மார்புப் பட்டை: நான்கு மாத மலைநடைக்குப் பிறகு

சனிக்கிழமை விடிந்தால் என் நாய் கருப்பன் வாசலில் நிற்பான். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், ரைலண்ட்ஸிலிருந்து நியூலண்ட்ஸ் காட்டுக்கு காரில் கொஞ்ச நேரம்தான். டேபிள் மவுண்டன் தேசியப் பூங்காவில் நாயோடு நடக்க விடும் பகுதிகளில் அதுவும் ஒன்று. அனுமதி அட்டை வேண்டும். பக்கத்துக் கிர்ஸ்டன்பாஷ் தோட்டத்தில் விடமாட்டார்கள்.

கழுத்துப் பட்டையோடு போனால் ஏற்றத்தில் இழுத்து இழுத்து இருமுவான். மனசு கேட்கவில்லை. 450 ரேண்டுக்கு இந்த மார்புப் பட்டையை வாங்கினேன். இழுப்பு மார்பில் விழுவதால் இருமல் நின்றுவிட்டது. முதுகில் உள்ள கைப்பிடிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 669 மீட்டர் உயர லயன்ஸ் ஹெட்டில் அவன் பாறையில் கால் வைக்கத் தயங்கியபோது, அதைப் பிடித்துத்தான் தூக்கிவிட்டேன். தையல் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

குறையும் உண்டு. முன்னங்கால் இடுக்கில் கொக்கி உரசி, ஒரு ரூபாய்க் காசளவு முடி கொட்டிவிட்டது. பழைய வேட்டித் துணியைச் சுற்றித் தைத்தேன், இப்போது சரி. ஓடையில் நனைந்தால் உள்பஞ்சு மறுநாள்வரை ஈரமாகவே இருக்கிறது.

அப்புறம், வீட்டுக்கு வந்ததும் பட்டையைக் கழற்றி, அது இருந்த இடமெல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி அங்கேதான் ஒளியும். இங்கே நாய்களுக்கு வரும் பிலியரி காய்ச்சல் உண்ணிக் கடியால்தான் பரவுகிறது. ரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடும். ஈறு வெளுத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வாங்கும்போது முன்னங்காலுக்குப் பின்னே மார்புச் சுற்றளவை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும்.