மெடூசா தலை யார் கையில? பெர்சி ஜாக்சன் புக்கு, படம், சீரிஸ் ஒரு அலசல்

அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருந்தா. ஏழாவது முடிச்சிருக்கா. வந்த அன்னிக்கே "மாமா, பெர்சி ஜாக்சன் புக்கு படிக்கணுமா, இல்ல படம் பார்த்தா போதுமா? ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிரும்ல"ன்னு கேட்டா. புக்குதான்னு டக்குன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டப்போ வாயில பதில் வரல, ஒரிஜினல் அதுதானேங்கறதெல்லாம் ஒரு காரணமா? அதனால 2005ல வந்த முதல் நாவல், 2010ல வந்த படம், 2023 டிசம்பர்ல டிஸ்னி பிளஸ்ல ஆரம்பிச்ச சீரிஸோட முதல் சீசன், மூணையும் மறுபடி ஒரு ரவுண்டு போயிட்டு வந்து இதை எழுதறேன். கடைசி சீன் வரைக்கும் சொல்லப்போறேன், ஸ்பாய்லர் வேணாம்னா இங்கயே நின்னுக்கோங்க.

கதை தெரியாதவங்களுக்கு. பெர்சி 12 வயசு நியூயார்க் பையன், எந்த ஸ்கூல்லயும் ஒரு வருஷத்துக்கு மேல வச்சுக்க மாட்டாங்க, படிக்க உக்காந்தா எழுத்தெல்லாம் மிதக்கும், ஒரு இடத்துல உக்காரவும் முடியாது. அப்பா கடல் கடவுள் பொசைடன்னு திடீர்னு தெரியவருது, கடவுளுங்களுக்கு ராஜா ஜீயஸோட மின்னல் திருடு போயிருக்கு, பழி இவன் மேல, ஜூன் 21க்குள்ள திருப்பிக் குடுக்கலன்னா கடவுளுங்களுக்குள்ள போர். கடவுளுங்க இருக்கற ஒலிம்பஸ் எம்பயர் ஸ்டேட் பில்டிங்ல 600வது மாடி, பாதாளத்துக்கு வாசல் லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ. எழுதின ரிக் ரயர்டன் டெக்சாஸ்காரர், ஸ்கூல் வாத்தியாரா இருந்தவர், அவர் பையனுக்கு டிஸ்லெக்சியாவும் (எழுத்து படிக்கறதுல திணறல்) ஏடிஹெச்டியும் (ஒரு இடத்துல கவனம் நிக்காதது) இருந்துச்சு, ராத்திரி அவனுக்கு சொல்லிட்டிருந்த கிரேக்கக் கதையெல்லாம் தீர்ந்து போனதும் புதுசா இட்டுக்கட்டினதுதான் இது. எழுத்து மிதக்குதுன்னா மூளை பழைய கிரேக்க மொழிக்குன்னு அமைஞ்சிருக்குன்னு புக்குல வரும். ஸ்கூல்ல குறைன்னு எழுதிக் குடுத்ததை அந்த அப்பா வரமா மாத்திட்டார்.

இந்த 12 வயசைத்தான் படம் முதல்ல காலி பண்ணுச்சு. ஹைஸ்கூல் பையனா ஆக்கிட்டாங்க, லோகன் லெர்மன் நல்ல நடிகர்தான், ஆனா அந்த உசரத்துல ஒரு ஆளு "அம்மா எங்க"ன்னு தேடறதும் ஒரு பொடியன் தேடறதும் ஒண்ணாயிடுமா? ஸ்கிரிப்டை பார்த்துட்டு ரயர்டன் தயாரிப்பாளர்களுக்கு அனுப்பின மெயில்களை பல வருஷம் கழிச்சு அவரே வெளியிட்டார், அதுல இந்த வயசு விஷயத்தை நல்லாவே கடிச்சிருப்பார். புக்குல பெர்சியைப் பத்தின பெரிய ஜோசியம் 16 வயசுல பலிக்கணும், பையன் ஏற்கனவே வளர்ந்துட்டதால 2013ல வந்த ரெண்டாவது படத்துல அதை 20ன்னு தள்ளிவச்சாங்க. ஒரு இடத்துல தப்பா வெட்டின துணி மாதிரி, அப்புறம் எங்க தைச்சாலும் இழுக்குது. சீரிஸ் இதை சரி பண்ணிருச்சு, வாக்கர் ஸ்கோபெல் நடிக்கும்போது அவனுக்கு 13, 14 தான், அவன் வாய்த்துடுக்கும் பயமும் அப்படியே புக்கு பெர்சி.

சரி, மூணுலயும் வர்ற ஒரே சீனை எடுத்துக்குவோம், மெடூசா, மூஞ்சியை பார்த்தவங்களை கல்லாக்கிடற அரக்கி. புக்குல 11வது அத்தியாயம். பஸ் போயிருச்சு, பெர்சியும் கூட வர்ற ரெண்டு கூட்டாளிகளும் நியூ ஜெர்சி காட்டுக்குள்ள பசியோட நடக்கறாங்க, ரோட்டோரம் தோட்டத்துக்கு வைக்கற பொம்மை விக்கற கடை, ஆன்ட்டி எம்னு ஒரு அம்மா தலையில இருந்து கால் வரைக்கும் கறுப்பு துணி போட்டு மூடிக்கிட்டு பர்கர் பண்ணிப் போடுது, சாப்பிட்டதும் ஒரு போட்டோ எடுத்துக்கறேன்னு கூப்பிடுது. வெளிய கல்லு பொம்மையெல்லாம் தத்ரூபமா இருக்கு, ஒண்ணு தன் மாமா ஃபெர்டினாண்ட் மாதிரியே இருக்கேன்னு கூட்டாளி குரோவர் முழிக்கறான். நமக்கு புரிஞ்சிருச்சு, பெர்சிக்கு புரியல, வாயில பர்கர். அந்த பத்து பக்கம் "டேய் எந்திரிடா"ன்னு உள்ளுக்குள்ள கத்திக்கிட்டே படிச்சேன். கடைசில ஒரு கண்ணாடி உருண்டைல அவ பிம்பத்தை பார்த்துக்கிட்டே வெட்டறான்.

படத்துல உமா தர்மன் மெடூசா, பெர்சி ஐபாட் பின்பக்கத்துல பிம்பம் பார்த்து வெட்டுவான். 2010க்கு அது தியேட்டர்ல விசில் அடிக்கற ஐடியாதான், இன்னிக்கு ஐபாட்னா என்னன்னு அக்கா பொண்ணுக்கு நான் விளக்க வேண்டியதா போச்சு. உமா தர்மன் அந்த அஞ்சு நிமிஷத்தை தூக்கி சாப்பிட்டுட்டாங்க, படத்துல எனக்கு பிடிச்ச ஒரே ஆள்.

சீரிஸ் நேர் எதிர்ல போகுது. கதவைத் திறக்கும்போதே இது மெடூசாதான்னு எல்லாருக்கும் தெரியும், சாப்பாட்டு மேஜைல உக்கார வச்சு தன் கதையை சொல்றா, அறிவுக் கடவுள் அதீனாவை அப்படி கும்பிட்டவ, பொசைடன் வந்தான், தண்டனை மட்டும் தனக்கு வந்துச்சுன்னு. பழைய கதைலயே ரெண்டு பாட்டு உண்டு. கிரேக்கக் கவிஞர் ஹீசியட் பாடினதுல மெடூசா பொறப்புலயே கோர்கன்ங்கற அரக்கி சகோதரிகள்ல ஒருத்தி, ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்னதுலதான் கோயில்ல நடந்த அநியாயமும் சாபமும் வருது, சீரிஸ் ஓவிட் பக்கம் நிக்குது. அகலிகையை கல்லாக்கின கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்த கோவம் புதுசில்ல. சீன் கனமா இருக்கு, ஒத்துக்கறேன், ஆனா பயம் போயிருச்சு. சீரிஸோட வியாதியே இதுதான், பசங்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியுது, ஒவ்வொரு பொறியையும் பார்த்ததுமே பேரைச் சொல்லிடறாங்க, எட்டு எபிசோடும் கோனார் நோட்ஸ் கையில வச்சுக்கிட்டு பரீட்சை எழுதற மாதிரி.

வெட்டின தலை என்னாச்சு? புக்குதான்னு எனக்கு முடிவு தெரிஞ்சது அங்கதான். பெர்சியோட முழுப்பேர் பெர்சியஸ். கிரேக்கக் கதைல பெர்சியஸோட அம்மா டானயி, செரிஃபோஸ் தீவு ராஜா பாலிடெக்டீஸ் அவளை கட்டிக்கணும்னு தொல்லை பண்றான், இடைஞ்சலா இருக்கற மகனை மெடூசா தலை கொண்டுவான்னு அனுப்பிடறான், மகன் நிஜமாவே கொண்டுவந்து காட்டி ராஜாவை கல்லாக்கறான். ரயர்டன் இதை அப்படியே நியூயார்க் அபார்ட்மென்டுக்கு கொண்டுவந்தார். அம்மா சாலி, அவ புருஷன் கேப், பீர் நாத்தமும் சீட்டாட்டமுமா இருக்கறவன், அவளை அடிக்கறான்னு பெர்சிக்கு கடைசிலதான் புரியுது. தலை இருக்கற பெட்டி கையில இருக்கு, ஒரு செகண்ட் வேலை. ஆனா அம்மா வேணாம்னுடறா, என் வாழ்க்கையை நான்தான் பார்த்துக்கணும்ங்கற மாதிரி. அவன் பெட்டியை வச்சுட்டு கெளம்பிடறான். அப்புறம் லெட்டர் வருது, கேப்பை காணோமாம், சீட்டாடற ஆள் சிலை ஒண்ணை ஆர்ட் கேலரி மூலமா வித்துட்டாளாம், அந்த காசுல புது வீட்டுக்கு அட்வான்ஸும் காலேஜ் ஃபீஸும் கட்டிட்டாளாம். மூவாயிரம் வருஷத்து கதைல மகன் கையில இருந்த தலையை எடுத்து அம்மா கையில குடுத்திருக்கார் மனுஷன்!

படத்துல? தலையை கூடவே தூக்கிட்டுப் போய் நாஷ்வில்ல ஹைட்ரா மேல காட்டறாங்க, கடைசில ஃபிரிட்ஜ்ல வச்சு திறக்காதேன்னு சீட்டு ஒட்டறாங்க, கேப் திறந்து கல்லாகறான். சீரிஸ்லயும் கடைசி டைட்டில் ஓடும்போது தனக்கு வராத பார்சலை கேப் பிரிச்சு கல்லாகறான். ரெண்டும் சிரிப்பு சீன், ரெண்டுலயும் தப்பு கேப் மேலயே போயிடுது, அம்மா கை சுத்தம். குழந்தைங்க பாக்கற டிஸ்னில அம்மா புருஷனை கல்லாக்கி வித்தான்னு காட்ட முடியாதுன்னு புரியுது. சீரிஸ் சாலி வேற வகைல கெத்தா பேசறவதான். ஆனா 2005ல ஒரு பசங்க புக்குல வந்த தைரியம் அப்புறம் வந்த ரெண்டு ஸ்கிரீன்லயும் வரலங்கறது எனக்கு உறுத்துது.

மத்ததெல்லாம் வேகமா. சண்டைக் கடவுள் ஏரீஸையும் பின்னாடி இருந்து ஆட்டிவைக்கற ஜீயஸோட அப்பன் குரோனோஸையும் படம் தூக்கிட்டு எல்லாத்தையும் கூட்டாளியா இருந்து துரோகம் பண்ற லூக் தலையில கட்டிருச்சு, மீதி கதைக்கு அஸ்திவாரமே போச்சு. பீச்ல ஏரீஸோட சண்டை வேணும்னா சீரிஸ் பாருங்க. ஜீயஸா வர்ற லான்ஸ் ரெட்டிக் சீரிஸ் வெளிவர்றதுக்கு முன்னாடியே 2023 மார்ச்ல இறந்துட்டார், கொஞ்ச நேரம்தான் வர்றார், குரலே போதும். கதை ஒண்ணும் தெரியாம மழை நாள்ல சும்மா டைம்பாஸ்னா படம் ஓகே. புக்கு முடிச்சவங்களுக்கு சீரிஸ்.

அக்கா பொண்ணு இப்போ புக்குலதான் இருக்கா. நேத்து ரூம்ல இருந்து சத்தம், "மாமா, இந்த ஆன்ட்டி ஏன் மூஞ்சியை காட்டவே மாட்டேங்குது?" நான் "போட்டோ எடுக்க கூப்பிட்டாச்சா இன்னும் இல்லையா"ன்னு மட்டும் கேட்டேன்.