கோத்தகிரி ஈரமும் ஃபாஸ்டேக் பசையும்: ஐந்தாண்டு அனுபவம்

குன்னூரில் இருக்கும் நண்பர் ஒருவர், சுங்கச்சாவடிக் கட்டணத்தை நிற்காமல் செலுத்த வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் வில்லையான ஃபாஸ்டேக்கைத் தம் பழைய ஜீப்புக்கு வாங்கியிருப்பதாகவும், அதை எங்கே, எப்படி ஒட்டுவது என்றும் கேட்டிருந்தார். அவர் கேட்ட வாரத்தில்தான், குஞ்சப்பனை அருகே முன்னால் சென்ற லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த கல்லால் என் காரின் முன்கண்ணாடி விரிசல் விட்டு, கண்ணாடியோடு சேர்த்து ஃபாஸ்டேக்கையும் மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது ஒட்டியிருப்பது மூன்றாவது. இரண்டாவது போனதற்குக் கல் காரணம். முதலாவது போனதற்கு எங்கள் ஊரின் ஈரமே காரணம். அதைப் பற்றித்தான் நண்பருக்கு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கார் 2014ஆம் ஆண்டு வாங்கியது. 2017 டிசம்பர் முதல் விற்பனையான கார்களில் விற்பனை நிலையத்திலேயே ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். எங்களைப் போன்ற பழைய வண்டிக்காரர்கள்தாம் தனியாக வாங்கி ஒட்ட வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரி நடுவில் கட்டாயமாகப்போகிறது என்றதும், அந்த ஜனவரியில், உறைபனி விழுந்த ஒரு காலையில், வீட்டு வாசலில் நின்றபடி நானே ஒட்டினேன். கண்ணாடியைத் துணியால் துடைத்தேன்; பார்வைக்கு உலர்ந்துதான் இருந்தது. ஆனால் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், உள்ளே மூச்சு விட்டாலே பனி படரும் குளிர்ந்த கண்ணாடியில் பசை முழுமையாகப் பிடிக்காது என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. உறையில் அச்சிட்டிருந்த குறிப்பிலும் அது பற்றி ஒரு சொல் இல்லை.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் ஒரு மூலை எழும்பியது. செல்லோடேப் போட்டேன். அடுத்தடுத்த மழைக்காலங்களில் மற்ற மூலைகளும் எழும்பி, 2024 டிசம்பரில் சென்னை செல்லும் வழியில் அது டேஷ்போர்டின் மேல் விழுந்தே விட்டது. அடுத்த சுங்கச்சாவடியில் அதைக் கையில் உயர்த்திக் காட்டினேன். கணக்கில் பணம் இருந்தது, வண்டி எண்ணும் சரியாக இருந்தது. ஆயினும் கண்ணாடியில் ஒட்டப்படாத ஃபாஸ்டேக் செல்லாது என்று சொல்லி இருமடங்குக் கட்டணம் வாங்கினார்கள். விதி அவர்கள் பக்கம் இருந்ததை மறுக்க முடியாது. ஒரே ஃபாஸ்டேக்கைக் கையில் வைத்துக்கொண்டு பல வண்டிகளுக்குக் காட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. சாவடியின் கருவி பழுதாகி, முறையாக ஒட்டிய ஃபாஸ்டேக்கைப் படிக்க முடியாமல் போனால் கட்டணமின்றி அனுப்ப வேண்டும் என்ற நல்ல விதியும் 2018 முதல் இருக்கிறது. பசை தோற்றால் மட்டும் முழுச்சுமையும் வண்டிக்காரர் தலையில் விழுகிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

ஃபாஸ்டேக்கின் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல மாட்டேன். மின்கலமே இல்லாத அந்தச் சிறு சில்லு, சாவடியில் இருக்கும் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே தனக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொண்டு வண்டியை அடையாளம் காட்டுகிறது. இந்தியாவில் அந்த அலைவரிசை 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ். ஒட்டியிருந்த நாள்களில் விஜயமங்கலம், வைகுந்தம், விக்கிரவாண்டி, பரனூர் என எந்தச் சாவடியிலும் அது என்னைக் கைவிட்டதில்லை. பொங்கல் முடிந்து திரும்பும் கூட்டத்தில் சில்லறைக்காகக் கண்ணாடியை இறக்கி நின்ற காலத்தை நினைத்தால், தடுப்புக்கம்பி தானாக உயர்வதைப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது.

இரண்டாவதை மேட்டுப்பாளையத்தில் வெயிலில் நிறுத்தி ஒட்டியதால் ஒரு மூலைகூட எழும்பவில்லை. மூன்றாவதையும் அங்கேயே ஒட்டினேன். 33 கிலோமீட்டர் மலைப்பாதை இறங்கி, நண்பகலில் கண்ணாடி உள்ளும் புறமும் சூடேறிய பிறகு, உட்புறத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டு, பின்புறம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால், மேல்நடுவில் வைத்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் கட்டை விரலால் அழுத்தினேன். ஒருமுறை ஒட்டியதை உரித்தால் உள்ளிருக்கும் ஆண்டெனா கிழிந்து பயனற்றுப்போகும். எனவே கை தடுமாறக் கூடாது. மலையேறும்போது கண்ணாடியில் படரும் பனியை நீக்க வெப்பக்காற்றை வைப்போம் அல்லவா, அன்று ஒரு நாள் மட்டும் அதைத் தவிர்த்தேன்.

நண்பரின் அடுத்த கேள்வி, சாவடிக்குச் சாவடி கட்டாமல் மொத்தமாக முன்கூட்டியே பணம் கட்டும் ஃபாஸ்டேக் ஆண்டுச்சீட்டு பற்றியது. 2025 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை சாவடி கடப்பது அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை என்று கணக்கு. சாவடிக்கு 75 ரூபாய் என்று வைத்தால் 40 முறை கடந்தாலே முதல் திரும்பிவிடும். மகளைப் பார்க்க ஆண்டுக்கு மூன்று முறை சென்னை சென்று வரும் எனக்கு அது லாபம்தான். ஆனால் அந்தச் சீட்டுக்கும் ஃபாஸ்டேக் கண்ணாடியில் முறையாக ஒட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்த வடகிழக்கு மழையை மூன்றாவது பசை தாங்குவதைக் கண்ணால் பார்க்காமல் நான் அதை வாங்கப்போவதில்லை. நண்பர் வாங்கலாம்; ஆனால் ஜீப்பைக் குன்னூரில் வைத்து ஒட்ட வேண்டாம், கீழே இறங்கி ஒட்டட்டும்.