முட்டிவலிக்கு கரண்ட்டா, மணல் பையா, ஒத்தக்காலா?

எக்ஸ்ரேல மூட்டுத் தேய்மானம்னு சொல்லிட்டா ஆபரேஷனுக்கு முன்னாடி நம்ம ஊர்ல மூணு வழி சொல்லுவாங்க. பிசியோதெரபி சென்டருக்குப் போய் முட்டிக்கு கரண்ட் வச்சுக்கிறது, தொடைக்கு வலு ஏத்துற பயிற்சி, அப்புறம் யாருமே பெருசா எடுத்துக்காத பேலன்ஸ் பயிற்சி, அதாவது ஒத்தக்கால்ல நிக்கிறது. நான் மூணாவது கட்சி, அதனால அந்தப் பக்கம் சாய்ஞ்சுதான் எழுதுவேன், தெரிஞ்சே படிங்க.

கரண்ட்டை சீக்கிரம் முடிச்சிருவோம். படுத்துக்கிட்டாப் போதும், முட்டில பேட் ஒட்டி விடுவாங்க, சுருசுருன்னு இருக்கும், எந்திரிச்சு வர்றப்ப இதமா இருக்கும், மதுரை அண்ணா நகர்ல பஸ் ஏறி வீட்டுக்கு வர்றதுக்குள்ள பழைய குருடி கதவத் திறடி. எனக்குத்தான் இப்படின்னு நினைச்சேன், ஆனா பிரிட்டன்ல எந்த வைத்தியம் கொடுக்கலாம்னு சொல்ற நைஸ் அமைப்பு 2022ல போட்ட வழிகாட்டுதல்லயே தேய்மானத்துக்கு இந்த கரண்ட், அல்ட்ராசவுண்ட் எல்லாம் கொடுக்காதீங்க, பலன் இருக்குன்னு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லன்னு இருக்கு. அவங்க எல்லாருக்கும் சொல்றது உடற்பயிற்சிதான்.

நெசமான போட்டி மத்த ரெண்டுக்கும்தான். எங்க அத்தாச்சி வலு பயிற்சி ஆளு, அனுப்பானடில இருக்காங்க. முட்டிக்கு அடியில துண்டைச் சுருட்டி வச்சு அமுக்குறது, காலை நீட்டித் தூக்குறது, கணுக்கால்ல மணல் பை கட்டித் தூக்குறதுன்னு வரிசையா செய்வாங்க. குறை சொல்ல மாட்டேன், தொடை முன்பக்கத் தசை கெட்டியா இருந்தா முட்டிக்கு வர்ற பாரத்துல பாதி கவலை போயிரும், ஆதாரமும் அதுக்குத்தான் கூட. 2019ல அமெரிக்க வாத நோய் மருத்துவர் சங்கம் சொன்னதுல பொதுவா உடற்பயிற்சிக்கும் தாய்ச்சிக்கும் (சீனாக்காரங்க மெதுவா கைகால் அசைச்சு செய்யிற பயிற்சி) அழுத்தமான பரிந்துரை, பேலன்ஸ் பயிற்சிக்கு அழுத்தம் குறைஞ்ச பரிந்துரைதான். மறைச்சு எழுத விருப்பமில்ல.

அப்புறம் ஏன் ஒத்தக்கால்? முட்டியைச் சுத்தி தசைநார், தசை எல்லாத்துலயும் கால் எந்தக் கோணத்துல இருக்குன்னு மூளைக்குச் சொல்ற நரம்பு முனைங்க இருக்கு. தேய்மானம் வந்தவங்களுக்கு அந்த உணர்வு மந்தமாயிருது, டவுன் பஸ் கடைசிப் படில காலை வைக்கிறப்ப தசை லேட்டாப் பிடிக்குது, முட்டி படக்குன்னு மடங்குற மாதிரி இருக்கும் பாருங்க, எனக்கு வலியை விட அந்தப் பயம்தான் பெருசு. படுத்துக்கிட்டு மணல் பை தூக்குறப்ப அந்தப் பழக்கம் வராது, நின்னாத்தான் வரும்.

ஆனா நான் முடிவு பண்ணது இதை வச்சுக்கூட இல்ல, எதை விடாம செய்ய முடியும்கிறதை வச்சுத்தான். ரெண்டுமே விட்டா போயிரும், சம்பாதிச்ச வலு சில வாரத்துலயே கரைய ஆரம்பிச்சிரும், அதனால எது நல்லதுங்கிறதை விட எது சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறைய விருந்தாளி இருக்கறப்பவும் நடக்கும்னு பாக்கணும். அத்தாச்சிக்குப் பாய் விரிக்கணும், மணல் பை தேடணும், படுத்து எந்திரிக்கணும், அந்த எந்திரிக்கிறதே முட்டிவலிக்காரிக்குத் தனி வேலை. சொந்தக்காரங்க வந்தா அன்னைக்கு லீவு, அப்புறம் அந்த வாரமே லீவு. எனக்கு அடுப்பு மேடை போதும். பால் காயுற வரைக்கும் ரெண்டு விரல் மேடைல தொட்டுக்கிட்டு ஒரு கால்ல நிப்பேன், பொங்கி வந்தா கால் மாத்துவேன்.

முதல் நாளே ஒத்தக்கால் வேணாம். ரெண்டு பாதத்தையும் ஒட்டி வச்சு நிக்கிறது, அடுத்து கோயில்ல அடிப்பிரதட்சணம் போற மாதிரி ஒரு கால்விரலுக்கு முன்னாடி இன்னொரு காலோட குதிகால் வர்றாப்ல ஒட்டி வச்சு நிக்கிறது, அப்புறம்தான் ஒத்தக்கால். 10 செகண்ட்ல ஆரம்பிச்சு 30 வரைக்கும் பையக் கூட்டலாம். முட்டியப் பின்னாடி பூட்டுன மாதிரி விறைப்பா வைக்கக்கூடாது, லேசா மடங்கி இருக்கணும், தூக்குன பக்கத்து இடுப்பு கீழ சரியக்கூடாது. "இடுப்பைப் பாருங்கம்மா, முட்டியப் பாக்காதீங்க"ன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்த பிசியோ பொண்ணு கத்தும், அது சரிதான், இடுப்புப் பக்கத் தசை பிடிச்சாத்தான் முட்டி உள்ள சாயாம நிக்கும். செய்யிறப்ப லேசா வலிச்சா பரவால்ல, மறுநாள் வீங்குனாலோ வலி கூடுனாலோ குறைச்சிரணும். தரை ஈரமா இருக்கக்கூடாது. சுகர்ல பாதம் மரத்துப் போனவங்க, பிரஷர் மாத்திரைல தலை கிறுகிறுங்கிறவங்க பக்கத்துல ஆள் இல்லாம செய்ய வேணாம், கண்ண மூடிக்கிட்டு நிக்கிற விளையாட்டெல்லாம் அவங்களுக்கு வேணவே வேணாம்.

வலி அடியோட போச்சான்னு கேட்டா, இல்ல. தெப்பக்குளத்தைச் சுத்தி நடந்தா கடைசிப் பக்கம் வர்றப்ப இன்னும் இழுக்கும். படி இறங்குறப்ப கைப்பிடியத் தேடுறது மட்டும் நின்னிருச்சு, அதுல வெயிட் குறைஞ்சதுக்கும் பங்கு இருக்கலாம், பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல. ஃபுட்பால் விளையாடி லிகமெண்ட் கிழிஞ்ச பசங்க, மூட்டு மாத்துனவங்க கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன், அவங்க டாக்டரையே கேக்கட்டும்.

அத்தாச்சி மணல் பையில ஒண்ணைத் தரேன்னு இன்னும் விடாம சொல்லிக்கிட்டு இருக்காங்க. வலுவும் வேணும்தான், அதுக்கு நான் சீரியல் பாக்குறப்ப விளம்பரம் போடுற நேரமெல்லாம் சேர்ல கை ஊனாம உக்காந்து எந்திரிக்கிறேன். பை வேணாம் அத்தாச்சி.