மைக்ரோபிட்டா, ஆர்டுயினோ ஊனோவா?

இரண்டுமே கோடிங், மின்னணுவியல் கற்பிக்க உதவும் சிறு சர்க்யூட் பலகைகள். ஏழாம் வகுப்புக்கு முதல் பலகை வாங்கும் தனியார் பள்ளிக்கு மைக்ரோபிட் வி2தான் சரி. 25 எல்இடி, அசைவை உணரும் முடுக்கமானி, மைக், ஸ்பீக்கர் எல்லாம் பலகையிலேயே உண்டு. அதற்கு கோடு எழுதும் மேக்கோடு மென்பொருள் பிரவுசரிலேயே ஓடும். முதல் பீரியடிலேயே மாணவர் பெயர் எல்இடிகளில் மின்னும்.

ஊனோ ஆர்3-இல் வெளியே ஒரு எல்இடி எரியவே பிரெட்போர்டு (பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை), 220 ஓம் ரெசிஸ்டர், ஜம்பர் வயர் வேண்டும். மலிவான நகல் பலகை என்றால் பல கணினிகளில் பலகையைக் கணினி அடையாளம் காண உதவும் சிஎச்340 டிரைவர் மென்பொருளும் நிறுவ வேண்டியிருக்கும். அட்மின் அனுமதி கையில் இல்லாவிட்டால் வகுப்பு அதோடு சரி. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் மின்சுற்று கற்பிக்க ஊனோவுக்கு ஈடில்லை.

ஊனோ 5 வோல்ட், மைக்ரோபிட் 3 வோல்ட். ஊனோவுக்கு வாங்கிய எச்சி-எஸ்ஆர்04 தூரமளக்கும் சென்சாரின், 5 வோல்ட் சிக்னல் தரும் எக்கோ முனையை மைக்ரோபிட்டில் நேராகச் செருகினால் பலகை பழுதாகலாம். எந்தப் பலகையானாலும் கணினியில் தெரியவில்லையா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் யுஎஸ்பி கேபிளில் தரவு போகாது.