ஜிபிஎல் உரிமமா, எம்ஐடி உரிமமா: ஒரு நிரலாளரின் உழைப்பு நோக்கில்

ஓய்வு நேரத்தில் எழுதிய நிரலை எந்த உரிமத்தின் கீழ் வெளியிடுவது என்பதை நான் முதன்மையாக உழைப்பைப் பற்றிய கேள்வியாகவே பார்க்கிறேன்.

பிறர் நம் நிரலை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் இத்தகைய உரிமங்களில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தோன்றிய எம்ஐடி உரிமம் சில பத்திகளில் முடிந்துவிடுகிறது. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருந்தால், யாரும் நிரலை மாற்றி, மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வடிவத்தை, வெளியிடாமல் மூடிவைத்து விற்கலாம். எழுதியவரின் பெயர் நிலைப்பது சிறிய விஷயமன்று. சம்பளத்துக்கு எழுதும் நிரலின் பதிப்புரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்கே போய்விடுவதால், அங்கே நம் அடையாளம் எஞ்சுவது அரிது. ஆயினும் எம்ஐடி உறுதிசெய்வது அந்தப் பெயரை மட்டுமே.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதி 1989இல் வெளியான ஜிபிஎல் (குனு பொதுமக்கள் உரிமம்) இதைவிட அதிகம் கேட்கிறது: மாற்றிய நிரலை விநியோகிப்பவர், அதன் மூலத்தையும் அதே உரிமத்தில் பெறுபவருக்குத் தரவேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் உருவாக்கிய லினக்ஸ் கருவை (இயங்குதளத்தின் மையப்பகுதியை) 1992இல் இந்த உரிமத்துக்கு மாற்றியதால், அதைக் கருவிகளில் பொருத்தி விற்கும் நிறுவனங்களும் இக்கடமையிலிருந்து விலக முடியாது. ஆனால் நிரலைத் தன் சேவையகத்திலேயே ஓட்டி, இணையம்வழிச் சேவையாக மட்டும் வழங்குபவரை ஜிபிஎல் கட்டுப்படுத்துவதில்லை. அந்த இடைவெளியை அடைக்கவே 2007இல் ஜிபிஎல்லின் மாற்று வடிவமான ஏஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பு வந்தது.

இரண்டுமே ஊதியம் பெற்றுத்தருவதில்லை. அதற்குச் சங்கமும் கூட்டுப்பேரமும் வேண்டும். பிற நிரல்களில் சேர்த்துப் பயன்படுத்தும் சிறு நிரல் நூலகங்களுக்கு எம்ஐடி போதுமென்பேன். பல ஆண்டு உழைப்பில் உருவான முழுமையான செயலிக்கு, தயங்காமல் ஏஜிபிஎல்லையே தேர்ந்தெடுப்பேன்.