கூகுளா, டக்டக்கோவா? தேடல் பதிவுகளை அரசு கேட்கும்போது

கணினியிலும் கைப்பேசியிலும் வழக்கமான தேடுபொறியாக டக்டக்கோவை அமைத்துக்கொண்டு பல மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். எனவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகம், எளிமை ஆகியவற்றில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, இரண்டும் விளம்பரத்தில்தான் பிழைக்கின்றன. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: நாம் தேடியவை நம் அடையாளத்தோடு இணைந்து அந்த நிறுவனத்திடம் எவ்வளவு காலம் கிடக்கின்றன என்பது.

கூகுள் அரசை எதிர்த்து நின்ற நிறுவனமாயிற்றே என்பார்கள். உண்மைதான். இணையத்தில் சிறார்களைப் பாதுகாப்பதற்கென இயற்றிய 1998ஆம் ஆண்டுச் சட்டத்தை நீதிமன்றத்தில் காப்பாற்றச் சான்றுகள் வேண்டும் என்று சொல்லி, அமெரிக்க நீதித்துறை 2005இல் கூகுள், யாகூ, எம்எஸ்என், ஏஓஎல் ஆகிய நான்கு நிறுவனங்களிடமும் தேடல் பதிவுகளைக் கேட்டது. மற்ற மூன்றும் ஏதோ ஓர் அளவில் இணங்கிவிட, கூகுள் மட்டும் மறுத்தது. இரண்டு மாதத் தேடல்கள் அனைத்தும் வேண்டும் என்று தொடங்கிய கோரிக்கை, வழக்கு நடக்க நடக்க 50,000 இணைய முகவரிகள், 5,000 தேடல்கள் என்று சுருங்கியது. 2006 மார்ச்சில் நீதிபதி ஜேம்ஸ் வேர், முகவரிகளை மட்டும் கொடுத்தால் போதும், தேடல்களைக் கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தார். பயனர்களின் அந்தரங்கம் மட்டுமல்லாமல் தன் தொழில் இரகசியங்களையும் கூகுள் அந்த வழக்கில் காரணமாகக் காட்டியது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பதிவுகள் அழிந்துவிடவில்லை. பெயரை நீக்கிவிட்டால் ஆபத்தில்லை என்ற எண்ணமும் அதே ஆண்டில் உடைந்தது: ஆறரை லட்சம் பயனர்களின் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண்ணிட்டு ஏஓஎல் வெளியிட்டபோது, பத்திரிகையாளர்கள் தேடல் சொற்களை மட்டுமே வைத்து ஒரு பெண்மணியின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 2020இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வரில் ஒரு வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டு ஐவர் இறந்த வழக்கில், அந்த வீட்டு முகவரியைத் தேடியவர்கள் யார் யார் என்று காவல்துறை நீதிமன்ற ஆணையுடன் கேட்டது, கூகுள் தகவல் தந்தது. குற்றம் கொடியது, அதில் இரண்டு கருத்தில்லை. சந்தேக நபர் யாரென்றே தெரியாத நிலையில், ஒரு சொல்லைத் தேடிய அனைவரையும் வலைக்குள் கொண்டுவரும் அந்த முறைதான் என்னை உறுத்துகிறது. அப்படிக் கிடைத்த சான்றைக் கொலராடோ உச்ச நீதிமன்றம் 2023இல் ஏற்றுக்கொண்டது.

டக்டக்கோவின் பலம் இங்கேதான். தேடலை ஐபி முகவரியோடு (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) சேர்த்துச் சேமிப்பதில்லை என்றும், அப்போது தேடிய சொல்லுக்கு ஏற்றபடியே விளம்பரம் காட்டுவதாகவும் அந்த நிறுவனம் கூறுகிறது. எவ்வளவு கடுமையான ஆணை வந்தாலும் கையில் இல்லாததை எப்படிக் கொடுப்பது? இதற்கு நான் நம்புவது நிறுவனத்தின் சொல்லைத்தான். அதன் சேவையகத்தை நான் சோதித்துப் பார்த்ததில்லை. அதன் உலாவியில் மைக்ரோசாஃப்டின் சில கண்காணிப்பு நிரல்களைத் தடுக்காமல் விலக்கு அளித்திருந்தது 2022இல் வெளிவந்து, பின்னர் திருத்தப்பட்டது. தேடலுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை என்றாலும், எனக்கு அது உவப்பான செய்தியல்ல.

முடிவுகளின் தரத்தில் கூகுள்தான் முன்னே நிற்கிறது. டக்டக்கோவின் இணைப்புகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து வருபவை. தமிழில் தேடும்போதும் உள்ளூர்க் கடை, பேருந்து நேரம் போன்றவற்றைத் தேடும்போதும் அந்தக் குறை தெரிகிறது. நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ் என்ற தேடுபொறி கூகுளின் முடிவுகளையே அடையாளம் நீக்கித் தருகிறது என்கிறார்கள். தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நான் அதைப் பயன்படுத்தவில்லை.

கூகுளை விட முடியாதவர்கள், கணக்கில் இணையச் செயல்பாட்டுப் பதிவை நிறுத்திவிடலாம், அல்லது தானாக அழியும் காலத்தை மூன்று மாதமாகக் குறைக்கலாம். புதிய கணக்குகளில் அது 18 மாதமாக இருக்கும். உள்ளூர்த் தேடல்களுக்கு மட்டும் நானும் கூகுளுக்குத்தான் போகிறேன், கணக்கில் நுழையாமல்.